விடைக்கு முந்திய வரிகள்

402-இலிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 376 என்று எழுதுவார்கள். சிவப்பு மையில் ஒரு பிழைக்குறி போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவது எளிது. ஆனால் அந்த 376 எப்படி வந்தது என்று ஒரு நிமிடம் நின்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். நூறின் இடத்தில் 4-இலிருந்து 1 போக 3. பத்தின் இடத்தில் 0-இலிருந்து 7 போகாது. ஆகவே பிள்ளை திருப்பிப் போட்டு 7-இலிருந்து 0-ஐக் கழித்து 7 என்கிறது. ஒன்றின் இடத்தில் 2-இலிருந்து 8 போகாது. அங்கும் திருப்பிப் போட்டு 6. முதலாம் ஆண்டில் ‘பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும்’ என்று கற்றுக்கொடுத்த பாடத்தை அந்தப் பிள்ளை விசுவாசமாகப் பின்பற்றியிருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் விளக்கியது. கழித்தலில் பிள்ளைகள் செய்யும் பிழைகளில் பல கவனக்குறைவால் வருபவை அல்ல, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தவறான விதி ஒழுங்காக இயங்குகிறது என்றார்கள் அவர்கள். இந்தப் பிள்ளைக்கு ‘கவனமாகச் செய்’ என்று புத்தி சொல்லிப் பயனில்லை. அது கவனமாகத்தான் செய்திருக்கிறது. திருத்த வேண்டியது விதியை. எந்த விதி என்று தெரிய வேண்டுமானால் விடைக்கு முந்திய வரிகள் தாளில் இருக்க வேண்டும்.

கணக்கைப் படிப்படியாக எழுதிச் செய்வது தேர்வுக்கான சம்பிரதாயம் என்றும், மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்கான ஊன்றுகோல் என்றும் பலர் நினைக்கிறார்கள். என் வாதம் வேறு. தன் கணக்கைத் தானே சரிபார்க்கவும், பிறர் போட்ட கணக்கைக் கேள்வி கேட்கவும் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் உரிமை அந்த வரிகளில்தான் இருக்கிறது. வீட்டில் சொல்லித்தர ஆள் இருக்கும் பிள்ளைக்கு இது ஒரு வசதி. இல்லாத பிள்ளைக்கு இதுவே பிடிமானம். இதைப் பொதுவாகப் பேசுவதைவிடச் சுங்காயைப் போன்ற ஓர் இடத்தில் வைத்துப் பார்த்தால் தெளிவாகப் புரியும்.

மலேசியாவில், பேராக்கின் பத்தாங் பாடாங் மாவட்டத்தில், பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் இடையில் இருக்கிறது சுங்காய். ரப்பர் நிறைந்திருந்து செம்பனைக்கு மாறிய வட்டாரம். இந்தப் பகுதித் தமிழ்ப்பள்ளிகளின் கதையைத் தோட்டத்தை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளி வந்தது, ஆனால் பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். எழுத்தும் வாய்ப்பாடும் தெரிந்தால் போதும் என்ற அளவில் அந்தப் படிப்பு நின்றது. கணக்கு உண்மையில் நடந்த இடம் பள்ளிக்கூடம் அல்ல, ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை.

அந்தக் கொட்டகையில் நடந்த கணக்கைப் படிப்படியாகப் பார்ப்போம். பால்மரம் வெட்டுகிறவர் வாளியில் கொண்டுவரும் பாலில் பெரும்பகுதி தண்ணீர். உலர் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே பாலின் எடையோடு, அதில் ரப்பர் எத்தனை விழுக்காடு என்பதையும் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியாலோ மாதிரி எடுத்து உலர்த்தியோ கண்டுபிடிப்பார்கள். ஒருவர் கொண்டுவந்த பால் 24 கிலோ, உலர் ரப்பர் 35 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 24-ஐ 35-ஆல் பெருக்கினால் 840, அதை 100-ஆல் வகுத்தால் 8.4 கிலோ. விழுக்காடு 30 என்று எழுதப்பட்டால் 24 × 30 = 720, நூறால் வகுத்தால் 7.2 கிலோ. ஒரே வாளி, ஒரே உழைப்பு, வித்தியாசம் 1.2 கிலோ. இருபத்தைந்து நாளைக்கு அது 30 கிலோ. யாரோ ஏமாற்றினார்கள் என்று இங்கே குற்றம் சாட்டவில்லை. ஏமாற்றினாலும் ஏமாற்றாவிட்டாலும் வெட்டுகிறவருக்குத் தெரிந்துகொள்ள வழி இருக்கவில்லை என்பதுதான் செய்தி. அவர் கைக்கு வந்தது விடை மட்டும். நடுவிலிருந்த வரிகள் கிராணியின் ஏட்டில் இருந்தன. கணக்கின் செய்முறை ஏன் அதிகாரம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று தமிழ் மலேசியர்களுக்கு வேண்டியதில்லை.

இப்போது வகுப்பறைக்கு வருவோம். பெற்றோர் அதிகம் குறைப்பட்டுக்கொள்வது கூட்டல் கழித்தலைப் பற்றி அல்ல, ‘பிரச்சனைக் கணக்கு’ பற்றி. எண்ணாகக் கொடுத்தால் செய்கிற பிள்ளை வாக்கியமாகக் கொடுத்தால் விழிக்கிறது என்பார்கள். ஆஸ்திரேலியரான ஆன் நியூமன் 1977இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு சட்டகம் தந்தது. வாக்கியக் கணக்கில் பிள்ளை ஐந்து வாசல்களைத் தாண்ட வேண்டும்: வாசிப்பது, பொருளை விளங்கிக்கொள்வது, அதைக் கணித வாக்கியமாக மாற்றுவது, கணக்கைப் போடுவது, விடையைக் கேள்விக்குப் பொருந்த எழுதுவது. மெல்பர்னில் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் அவர் பார்த்த பிழைகளில் ஏறத்தாழப் பாதி, கணக்குப் போடும் வாசலுக்கு வருவதற்கு முன்பே நடந்துவிட்டிருந்தன. வாய்ப்பாட்டை எத்தனை முறை ஒப்பித்தாலும் அந்தப் பாதி குறையாது.

ஓர் எடுத்துக்காட்டு: ‘கவினிடம் 45 வெள்ளி இருக்கிறது. அது அவன் தங்கையிடம் இருப்பதைவிட 12 வெள்ளி அதிகம். இருவரிடமும் மொத்தம் எவ்வளவு?’ ‘அதிகம்’ என்றால் கூட்டு, ‘மீதம்’ என்றால் கழி என்று சொல்லுக்குச் சொல் சூத்திரம் படித்த பிள்ளை 45-உடன் 12-ஐக் கூட்டித் தங்கைக்கு 57 வெள்ளி கொடுத்துவிடும். மொத்தம் 102 என்று முடிக்கும். கூட்டலில் ஒரு பிழையும் இல்லை, கணக்கு மட்டும் தவறு. இதையே படிப்படியாகச் செய்தால் முதல் வரியில் எண்ணே வராது. ‘யாரிடம் அதிகம்? கவினிடம்.’ அடுத்தது ஒரு படம்: கவினுக்கு நீளமான பட்டை, அதன் கீழே தங்கைக்குக் குட்டையான பட்டை, இரண்டுக்கும் உள்ள இடைவெளியில் 12. இந்தப் பட்டைப் படத்தைத்தான் சிங்கப்பூர் 1980களில் தன் தொடக்கப்பள்ளிகளில் முறையாகப் புகுத்தியது. படம் போட்டதும் தங்கையின் பங்கு 45 − 12 = 33 என்று தானாகத் தெரியும். மொத்தம் 45 + 33 = 78. கடைசி வரி சரிபார்ப்பு: 78-இலிருந்து 45 போனால் 33, அதோடு 12 சேர்த்தால் 45, பொருந்துகிறது. ஹங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் ஜார்ஜ் போல்யா 1945இல் எழுதிய சிறு நூலில் சொன்ன நான்கு கட்டங்களும் இதில் இருக்கின்றன: விளங்கிக்கொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார். நம் நாட்டுத் தொடக்கப்பள்ளிக் கணிதப் பாடத்திட்டமும் இதே நான்கைத்தான் பரிந்துரைக்கிறது. நடைமுறையில் முதலாவதும் நான்காவதும்தான் நேரமில்லை என்று கைவிடப்படுகின்றன.

பின்னத்தில் இந்தக் கைவிடல் இன்னும் விலை கூடியது. 1/2 + 1/4 எவ்வளவு என்று எழுதிக் கேட்டால், மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டி 2/6 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் உண்டு. அதே பிள்ளையிடம் அரையும் காலும் சேர்ந்தால் என்ன என்று தமிழில் கேளுங்கள், முக்கால் என்று பதில் வரும். அறிவு வாயில் இருக்கிறது, தாளுக்கு வரவில்லை. இரண்டையும் இணைக்கும் வரி ஒன்றே ஒன்றுதான்: ‘ஓர் அரைக்குள் இரண்டு கால் இருக்கிறது’, அதாவது 1/2 = 2/4. அதை எழுதிவிட்டால் 2/4 + 1/4 = 3/4 என்பது கூட்டலாகக்கூடத் தோன்றாது, எண்ணுவதாகவே தோன்றும். சரிபார்க்கும் பழக்கம் உள்ள பிள்ளை இன்னொன்றையும் கவனிக்கும். 2/6 என்றால் மூன்றில் ஒரு பங்கு, அது அரையைவிடக் குறைவு. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அரையைவிடக் குறையுமா? இப்படிக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு ஆசிரியரின் சிவப்பு மை தேவைப்படாது.

தமிழ் மரபு பின்னத்தில் ஏழையல்ல. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி படித்த பிள்ளைகள் மா என்னும் இருபதில் ஒன்று, காணி என்னும் எண்பதில் ஒன்று, முந்திரி என்னும் முந்நூற்றிருபதில் ஒன்று வரை வாயாலேயே கணக்குப் பார்த்தார்கள். ஆனால் அந்த மரபின் ஒரு குறையையும் மறைக்க வேண்டியதில்லை. காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில், பலாப்பழத்தை வெட்டாமலே அதில் எத்தனை சுளை என்று சொல்ல ஒரு விதி இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். நூறு முள் என்றால் 600, அதை ஐந்தால் வகுத்தால் 120 சுளை. படி இருக்கிறது, வரிசை இருக்கிறது, ஆனால் ஏன் ஆறு, ஏன் ஐந்து என்பதற்கு விதிக்குள் பதில் இல்லை. அது சமையல் குறிப்பு மாதிரி. பள்ளிக் கணக்கில் நாம் கேட்கும் படி வேறு வகையானது. அதில் ஒவ்வொரு வரிக்கும் முந்திய வரியிலிருந்து ஒரு காரணம் இருக்க வேண்டும். ‘கடன் வாங்கு’ என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் 402 − 178-உம் பலாச்சுளை விதியாகிவிடும். 402 என்பது 3 நூறு, 9 பத்து, 12 ஒன்று என்று பிரித்து எழுதச் சொன்னால் காரணம் வரிக்குள் வந்துவிடும். 12 − 8 = 4, 9 − 7 = 2, 3 − 1 = 2. விடை 224. அதோடு 178-ஐக் கூட்டினால் 402.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் முதலாவது, படிப்படியாக எழுதுவது மனக்கணக்கைக் கொல்லும் என்பது. கெட்டிக்காரப் பிள்ளை மனத்திலேயே முடித்துவிடுகிறது, அதை ஐந்து வரி எழுதச் சொல்வது தண்டனை என்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை. முதலில் உண்மையல்லாத பாதியைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் கிரகாம் கூப்பரும் 1985இல் இயற்கணிதத்தில் செய்த சோதனைகளில், புதிதாகக் கற்கிறவர்கள் தாமாக முட்டி மோதுவதைவிட, வரிவரியாகச் செய்துகாட்டப்பட்ட கணக்குகளைப் படித்தபோது அதே வகைக் கணக்குகளை விரைவாகவும் குறைந்த பிழையோடும் செய்தார்கள். மனம் ஒரே நேரத்தில் தாங்கும் சுமை சிறியது. பாதிச் சுமையைத் தாள் ஏற்றுக்கொண்டால் மீதியை வைத்து மனம் யோசிக்கும். ஆனால் பின்னாளில் வந்த ஆய்வுகள் இதற்கு ஓர் எல்லையையும் காட்டின: நன்றாகத் தேர்ந்தவர்களுக்கு அதே விளக்கம் இடைஞ்சலாகிறது. ஆகவே எல்லாப் பிள்ளைக்கும் எல்லாக் காலத்துக்கும் ஐந்து வரி என்று அடம்பிடிப்பது தவறு. சாரத்தைக் கட்டிடம் நிற்கும்வரை வைத்திருந்து பிறகு ஒவ்வொரு கட்டையாகக் கழற்றுவதுதான் முறை. வாய்ப்பாட்டுக்கும் இதில் பகை இல்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது நாக்கு நுனியில் இருந்தால்தான் வரிகள் சுருங்கும். கேட்டபோது வரிகளை விரித்துக் காட்ட முடிகிற பிள்ளைதான் மனக்கணக்கில் தேர்ந்த பிள்ளை. காட்ட முடியாமல் விடை மட்டும் வருகிறது என்றால் அதிர்ஷ்டத்தையும் அறிவையும் பிரித்தறிய நமக்கு வழியில்லை.

இரண்டாவது ஆட்சேபம் மொழியைப் பற்றியது. தமிழ்ப்பள்ளிப் பெற்றோருக்கு இதுதான் பெரிய கவலை. ஆறாண்டு தமிழில் கணக்குப் படித்த பிள்ளை படிவம் 1-இல் மலாய் வகுப்பில் உட்காருகிறது. பின்னம் ‘பெச்சாஹான்’ ஆகிறது, பெருக்கல் ‘டாராப்’ ஆகிறது. தமிழில் விளக்கம் எழுதிப் பழகியது அங்கே எதற்கு உதவும் என்று கேட்கிறார்கள். இந்தப் பிள்ளைகளின் அண்ணன் அக்காமார் இதைவிடப் பெரிய ஆட்டத்தைக் கண்டவர்கள். 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. 2009இல் அந்தக் கொள்கை கைவிடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 2011இல் முதலாம் ஆண்டிலிருந்து புதிய பாடத்திட்டத்தோடு தமிழ்ப்பள்ளியில் கணிதம் தமிழுக்குத் திரும்பியது. 2016 முதல் சில பள்ளிகளுக்கு இருமொழித் திட்டம் என்ற இன்னொரு கதவும் திறந்தது. மொழி எதுவாக இருக்க வேண்டும் என்ற விவாதம் தனியாக நடக்கட்டும். இந்த மாற்றங்கள் எல்லாவற்றிலும் மாறாமல் நின்றது எது என்று பாருங்கள். 2/4 + 1/4 = 3/4 என்ற வரி மூன்று மொழியிலும் அதே வரிதான். சொல்லை மட்டும் மனப்பாடம் செய்து ‘அதிகம் என்றால் கூட்டு’ என்று பழகிய பிள்ளை, சொல் மாறிய அன்று எல்லாவற்றையும் இழக்கிறது. பட்டைப் படம் போட்டுப் பழகிய பிள்ளைக்கு மாறுவது படத்தின் மேலுள்ள பெயர் மட்டும். ‘பாக்கி’ போன்ற சொல் இரு மொழியிலும் ஒன்றாகவே இருப்பது அந்தப் பிள்ளைக்கு ஒரு சின்னப் போனஸ். புரிந்துகொள்வது தாய்மொழியில் நடந்து, அது வரியாகத் தாளில் இறங்கிவிட்டால், எல்லைக்கோட்டைத் தாண்டும்போது சுமந்து செல்ல வேண்டியது குறைவு.

மூன்றாவது ஆட்சேபம் புதியது. ஆறாம் ஆண்டு அரசாங்கச் சோதனையான யு.பி.எஸ்.ஆர். 2021இல் ஒழிந்துவிட்டது, செய்முறைக்குப் புள்ளி என்ற பேச்சே போய்விட்டது, போதாக்குறைக்குக் கைப்பேசியில் கணக்கைப் படம் பிடித்தால் விடையோடு படிகளும் வந்துவிடுகின்றன, இனி எதற்கு இந்தப் பாடு? முதலில் தேர்வு. படிவம் 5 இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். கணிதத் தாளில் முறைக்கு ஒரு புள்ளியும் விடைக்கு ஒரு புள்ளியும் தனித்தனியாகத் தரும் வழக்கம் உண்டு, அது ஒழியவில்லை. தொடக்கப்பள்ளியில் பெரிய சோதனை போனபின் வகுப்பறை மதிப்பீட்டின் எடை கூடியிருக்கிறது. பிள்ளை ஆறு அடைவுநிலைகளில் எதில் நிற்கிறது என்று ஆசிரியர் முடிவு செய்ய வேண்டும். விடை மட்டும் இருக்கும் ஏட்டை வைத்து அவர் எப்படி முடிவு செய்வார்? பிள்ளைகள் குறைவான பள்ளியில் ஆசிரியருக்கு ஒவ்வொரு ஏட்டையும் பார்க்க நேரம் கிடைக்கும். அந்த வாய்ப்பு, ஏட்டில் பார்க்க ஏதாவது இருந்தால்தான் பயன்படும். அடுத்து கைப்பேசி. அது காட்டும் படிகள் கைப்பேசியின் படிகள். பிள்ளையின் 376 எங்கே பிறந்தது என்று அதற்குத் தெரியாது, சரியான வழியைக் காட்டும், தவறான விதி பிள்ளையின் தலைக்குள் அப்படியே இருக்கும். பிள்ளை தன் வரிகளை முதலில் எழுதி, பிறகு கைப்பேசியின் வரிகளோடு ஒப்பிட்டு, எந்த வரியில் வழி பிரிந்தது என்று கண்டுபிடித்தால் அதே கருவி நல்ல வாத்தியாராகிவிடும்.

இது தமிழ்ப்பள்ளிக்கு மட்டுமான கவலையும் அல்ல. டிம்ஸ் என்ற அனைத்துலக ஆய்வில் மலேசியப் படிவம் 2 மாணவர்களின் கணிதப் புள்ளி 1999இல் 519. 2011இல் 440. 2023இல் 411. அந்த அளவுகோலின் நடுப்புள்ளி 500. அதற்கு மேலே இருந்த நாடு இருபத்து நான்கு ஆண்டில் நூறு புள்ளிக்கு மேல் கீழே இறங்கியிருக்கிறது. காரணங்கள் பல, பயிற்றுமொழி மாற்றங்களும் பெருந்தொற்றுக் காலப் பள்ளி மூடலும் அவற்றில் பேசப்படுபவை. செய்முறை எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பட்டணத்து நடுத்தர வர்க்கம் இந்தச் சரிவை டியூஷன் காசு கொண்டு தடுத்துக்கொள்ளும். சுங்காயில் செம்பனைக் குலை அறுக்கும் வேலைக்கோ ஆலைக்கோ போய்வரும் பெற்றோருக்கு அந்த வழி எப்போதும் திறந்திருக்காது. அவர்களால் முடிந்த ஒன்று உண்டு, அதற்குக் கணிதமே தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் ஏட்டைத் திறந்து ஒரு கணக்கைச் சுட்டி, ‘இந்த வரியிலிருந்து இந்த வரிக்கு எப்படி வந்தாய், எனக்குச் சொல்’ என்று கேட்பது. சொல்லும்போதே பிள்ளை தடுக்கி நிற்கும் இடத்தில்தான் பிழை இருக்கிறது. தந்தைக்கு அது பிழையென்று தெரியாவிட்டாலும் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். ஆசிரியர்களும் ஒன்று செய்யலாம். வீட்டுப்பாடத்துக்கு இருபது கணக்குக் கொடுப்பதைவிட ஐந்து கொடுத்து, அதில் ஒன்றைத் தவறாகச் செய்துவைத்து, எந்த வரியில் தவறு என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

அப்படித் தவறான வரியைக் கண்டுபிடித்துப் பழகிய பிள்ளை நாளைக்கு எங்கே போனாலும் தாள்கள் அதைத் தேடி வரும்: சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கை, வண்டிக் கடனுக்கான வட்டி விவரம், மருத்துவமனை ரசீது. எல்லாத் தாளிலும் கடைசியில் ஒரு தொகை மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். பால் கொட்டகையில் நின்ற பாட்டன் அந்தத் தொகையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். வேறு வழி அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. 24 கிலோ எப்படி 7.2 ஆனது, நடுவில் என்ன எழுதினீர்கள் என்று கேட்க அவருடைய பேரப்பிள்ளைக்கு வாய் வர வேண்டும். அந்தக் கேள்விக்கான ஒத்திகை மூன்றாம் ஆண்டு ஏட்டில், 402-இலிருந்து 178 போகும் இடத்தில் தொடங்குகிறது.